சாத்தினால் போதும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு மேயர் இருக்கிறார். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது இல்லை. சம்பளக் கணக்கில் அவர் வெறும் உதவியாளர்தான். காலையில் கேட்டைத் திறப்பது, வகுப்பறைகளைக் கூட்டுவது, மோட்டார் போடுவது, மணி அடிப்பது, சாயங்காலம் எல்லாவற்றையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போவது. ஆனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாக்கடையைக் குனிந்து பார்த்துவிட்டு, சுவரில் புதிதாக யாராவது கிறுக்கியிருக்கிறார்களா என்று நோட்டம் விட்டபடி அவர் நடந்து வருவதைப் பார்த்தால், ஊரையே எழுதி வாங்கியவர் போல் இருக்கும். ஐந்தாம் வகுப்பில் யாரோ வாய்த்துடுக்கான பிள்ளை வைத்த பெயர் அது. அவர் காதிலும் விழுந்தது. கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், அன்று முதல் "மேயரம்மா" என்று கூப்பிட்டால்தான் திரும்பியே பார்த்தார்.

நான் இரண்டாம் வகுப்பு டீச்சர். எனக்கும் அவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். என் வகுப்பில் சத்தம் அதிகம் என்று அவர் சொல்வார். அவர் மணி அடிப்பதே ஊரைக் கூட்டுவது போல் இருக்கிறது என்று நான் சொல்வேன். அப்படிப்பட்ட நான் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது.

மேயரம்மாவுக்குத் தண்ணீர் என்றால் உயிர். கல்யாணமாகிப் போன வீடு மூன்றாவது மாடியில். குழாய் கீழே, படிக்கட்டுக்குப் பின்னால் ஒரு மூலையில். மாடிக்குத் தண்ணீர் ஏறாது. இவர்தான் ஏற வேண்டும். மகள் பிறந்த அன்று காலையில்கூட இரண்டு குடம் தூக்கி வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாராம். "படி ஏறி ஏறி என் முட்டி ரெண்டும் மொட்டை மாடிக்கே போயிடுச்சு டீச்சர்" என்பார். பக்கத்து வீட்டுக்காரிகளோடு குடத்துக்காகப் போட்ட சண்டைகளில் வளர்ந்ததுதான் அந்தத் தொண்டை. இன்றைக்கும் தூக்கத்தில் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, "தண்ணி வந்துடுச்சு!" என்று கத்துவார் என்று அவர் மகளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

இந்த வேலை கிடைத்து வந்த முதல் நாள், பள்ளியின் பின்பக்கம் கை கழுவும் இடத்தில் வரிசையாக நின்ற பித்தளைக் குழாய்களைப் பார்த்தார். ஒன்றைத் திறந்தார், மூடினார். அடுத்ததைத் திறந்தார், மூடினார். கடைசிக் குழாய் வரை போய்விட்டு அங்கேயே நின்று அழுதாராம். படி ஏறாமல் தண்ணீர். அந்தக் குழாய்கள் எல்லாம் அன்றைக்கே அவருடைய சொத்தாகிவிட்டன. மற்றவர்கள் பீரோவைத் துடைக்கிற மாதிரி வாரம் ஒரு முறை அவற்றைத் துடைத்து வைப்பார்.

எங்கள் தண்ணீர் ஏற்பாடு எளிமையானது. தெருக் குழாயிலிருந்து வருகிற தண்ணீர் கேட் ஓரத்தில் தரைக்கடியில் உள்ள தொட்டியில் நிறையும். மேயரம்மா மோட்டார் போட்டால் அது மொட்டை மாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டிக்கு ஏறும். அங்கிருந்து கை கழுவும் குழாய்களுக்கும் கழிப்பறைக்கும் இறங்கும். மேல்தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மேயரம்மா இரும்பு ஏணியில் ஏறி, விரல் முட்டியால் தொட்டியைத் தட்டிக் கேட்பார். 'தொம்' என்றால் தண்ணீர் இருக்கிறது. 'டங்' என்றால் காலி.

அவர் வந்த புதிதில் ஒரு பிள்ளை குழாயைத் திறந்து போட்டுவிட்டு ஓடிவிட்டான். தொட்டி முழுக்கச் சாக்கடைக்குப் போனது. அன்றைக்கு மேயரம்மா போட்ட சத்தத்தில் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் இருந்த சைக்கிள் கடைக்காரர் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டாராம். மறுநாள் ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட் வாங்கி வந்து, குழாய்களுக்கு மேலே சுவர் நீளத்துக்குத் தன் கையாலேயே எழுதினார். 'குழாயை இருக்கி மூடு'.

'இருக்கி' என்ன 'இருக்கி'! இரண்டாம் வகுப்பு டீச்சருக்கு அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியுமா? அதே பெயின்ட்டை வாங்கி, நானே ஸ்டூலில் ஏறி நின்று 'ரு'வை 'று' ஆக்கினேன். எழுத்துப் பிழை போனது. அந்த வாக்கியத்தில் இருந்த பெரிய பிழை எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகப் போனது. இறுக்கி மூட வேண்டும், அவ்வளவுதானே? யார் அதிகம் இறுக்குவது என்று போட்டி. ஐந்தாம் வகுப்புப் பையன்கள் குழாயின் பிடியில் இரண்டு கையும் போட்டுத் தொங்குவார்கள். தான் மூடிய குழாயை அடுத்தவனால் திறக்க முடியவில்லை என்றால் அவனுக்கு அன்று மீசை முளைத்த மாதிரி. மேயரம்மா பக்கத்தில் நின்று, "அப்படித்தான்! இன்னும் இறுக்கு!" என்று தட்டிக்கொடுப்பார். எங்காவது ஒரு குழாய் சொட்டினால் கடைசியாக மூடிய பிள்ளையின் காதுதான் திருகப்படும். வாஷர் மாற்றிப் பார்த்தோம். மாதம் திரும்புவதற்குள் மறுபடி சொட்டும். "இப்பல்லாம் எதுலதான் தரம் இருக்கு?" என்று சலித்துக்கொண்டு, மேயரம்மா குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்துவார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் கோடைக்கு முன்னால் தெருக் குழாயில் தினமும் வந்துகொண்டிருந்த தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கினார்கள். எங்கள் குட்டு வெளிப்பட்டது அப்போதுதான். மத்தியானச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் கை கழுவும்போது குழாயில் காற்றுதான் வரும். திங்கட்கிழமை இன்னும் மோசம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேயரம்மா நிரப்பி வைத்துவிட்டுப் போகிற தொட்டி, திங்கட்கிழமை காலையில் தட்டினால் 'டங்' என்னும்.

தண்ணீர் இல்லாத கழிப்பறையைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மத்தியானம் ஆனதும் மேயரம்மா அதற்குப் பூட்டுப் போட ஆரம்பித்தார்.

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. சிறிய உடம்பு, சிறிய குரல். குருவி என்றுதான் கூப்பிடுவோம். மத்தியானத்துக்கு மேல் கழிப்பறை கிடையாது என்று தெரிந்ததும் அவள் தானாக ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டில் அப்படியே திரும்பிப் போகும். உதடு வெடித்து, மூன்று மணிக்கெல்லாம் தலை மேசையில் சாய்ந்துவிடும். கேட்டால், "தாகமே இல்ல டீச்சர்" என்பாள். ஏழு வயதுப் பிள்ளை பொய் சொல்லக் கற்றுக்கொண்டது எதற்காகப் பாருங்கள். அவள் ஒருத்தி மட்டுமில்லை, பாதிப் பெண் பிள்ளைகள் அப்படித்தான் இருந்தார்கள்.

நான் நேராகப் போய் மேயரம்மாவிடம் எகிறினேன். "பூட்டுப் போட உங்களுக்கு யாரு அதிகாரம் கொடுத்தது?"

"தொட்டில தண்ணி இல்ல டீச்சர். நான் என்ன, கண்ணுல இருந்தா ஊத்தறது?" என்றார். சொல்லும்போது அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. நான் வகுப்புக்குத் திரும்பிவிட்டேன்.

அடுத்த வாரம் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். பருமனான, பொறுமையான மனிதர். எங்கள் தலைமை ஆசிரியரிடம் விஷயத்தை நேராகச் சொன்னார். "தண்ணி இல்லாம முழு நாள் ஸ்கூல் நடத்த முடியாது சார். அரை நாளாக்கிடலாம்னு மேல பேசிட்டாங்க. பெரிய வகுப்புகளை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற ஸ்கூலுக்கு மாத்திடுவாங்க. நான் இரண்டு வாரம் டைம் வாங்கித் தரேன். திங்கட்கிழமை மத்தியானம்தானே உங்களுக்கு ரொம்ப கஷ்டம்? சரியா அந்த நேரத்துக்கு வரேன். தண்ணி இருந்தா முழு நாள். இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அரை நாள் என்றால் பாதிப் பள்ளிக்கூடம். லாரிகள் பறக்கும் அந்த ரோட்டைப் பிள்ளைகள் தினமும் கடக்க வேண்டும். அரை நாள் பள்ளிக்கு உதவியாளர் எதற்கு என்று அடுத்த கேள்வி வரும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அன்று மாலை மணி அடித்துவிட்டு மேயரம்மா குழாயடியில் போய்த் தனியாக நின்றதைப் பார்த்தேன்.

மறுநாள் வந்தபோது அவரிடம் ஒரு முடிவு இருந்தது. "யாரோ தண்ணி திருடறாங்க டீச்சர். லீவு நாள்ல தொட்டி எப்படிக் காலியாகும்? எனக்கு ஆள் யாருன்னும் தெரியும்."

சைக்கிள் கடைக்காரரைத்தான் சொன்னார். பஞ்சர் பார்ப்பதற்காக அவர் கடை வாசலில் ஒரு பெரிய வாளி நிறையத் தண்ணீர் எப்போதும் இருக்கும். ஊரே தண்ணீருக்கு அலையும்போது இவனுக்கு மட்டும் வாளி நிறைய எங்கிருந்து வருகிறது? அவ்வளவுதான் சாட்சியம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், பிள்ளைகளை அழைத்துப் போக வந்த தாய்மார்கள் எல்லாம் நிற்கும்போது, மேயரம்மா நடுத்தெருவில் வழக்கைத் தொடங்கிவிட்டார்.

"பச்சைப் பிள்ளைங்க வாயில போற தண்ணியை எடுக்கறியே, உருப்படுவியா?"

சைக்கிள் கடைக்காரர் வாளியைக் காலால் நகர்த்திக் காட்டினார். "அம்மா, இந்தத் தண்ணியை நான் மாத்தி எத்தனை நாளாச்சுன்னு எனக்கே தெரியாது. ஒரு கை அள்ளி மூஞ்சிய கழுவிப் பாருங்க. அதுக்கப்புறம் நீங்களே என்னை விட்டுடுவீங்க."

கூட்டம் சிரித்தது. மேயரம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. குனிந்து காலிலிருந்த ரப்பர் செருப்பைக் கழற்றி அவர் முகத்துக்கு நேரே ஓங்கினார். நான் ஓடிப்போய்ப் பிடிக்காவிட்டால் என்ன நடந்திருக்குமோ. சைக்கிள் கடைக்காரர் முகம் செத்துவிட்டது. "இனிமே உங்க ஸ்கூல் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஷட்டரை இழுத்தார்.

இனி நடந்ததை மேயரம்மாவே சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்லவும் செய்தார், நடித்தும் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருடனைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக ஒரு கழியும் சாப்பாட்டு டப்பாவும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். கேட்டை உள்பக்கம் பூட்டிக்கொண்டு, காம்பவுண்டுச் சுவர் கண்ணில் படும்படி மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்தார். ஆளில்லாத பள்ளிக்கூடத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை. அவர் திறப்பதற்கு முன்பே கேட்டில் பிள்ளைகள் நிற்பார்கள். கடைசிப் பிள்ளை போன கையோடு அவரும் பூட்டிவிட்டுப் போவார். அத்தனை வருஷத்தில் அந்தக் கட்டடம் சத்தம் போடாமல் இருந்து அவர் கேட்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு 'டக்'. யாரோ பூனை மாதிரி நடக்கிறார்கள். கழியை ஓங்கிக்கொண்டு, சத்தம் வரும் பக்கம் கால் விரலில் நடந்து போனார். பின்பக்கம் ஆள் அரவமே இல்லை. அவருடைய குழாய்கள் வரிசையாக நின்று, ஒன்று விடாமல் சொட்டிக்கொண்டிருந்தன. சில சொட்டக்கூட இல்லை, நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் இருக்கும்போது அந்த இடம் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும், எப்போதும் கூச்சலாகத்தான் இருக்கும். யார் கேட்டது, யார் பார்த்தது? சாப்பாட்டு டப்பாவின் மூடியை ஒரு குழாயின் கீழ் வைத்தார். நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நிறைந்து வழிந்தது.

"எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! எல்லாத்தையும் இன்னும் நல்லா இறுக்கிட்டேன்" என்றார். கடைசிக் குழாயில் முந்தானையைச் சுற்றி, உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஒரு திருகு திருகினார். குழாயின் தலை கையோடு வந்துவிட்டது. தண்ணீர் நேராக முகத்தில் பீச்சியடித்தது. மூன்று மாடிக்குக் கேட்கிற அந்தத் தொண்டையைத் திறந்து "ஐயோ!" என்று ஒரு கத்து.

கேட் பூட்டியிருந்தது. அதனால் சுவரேறிக் குதித்து ஒரு ஆள் ஓடி வந்தார். காலையிலிருந்து மேயரம்மா எந்த ஆள் அந்தச் சுவரேறி வருவான் என்று காத்திருந்தாரோ, அதே ஆள்.

சைக்கிள் கடைக்காரர் ஓடிப்போய்ப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இறங்கும் குழாயில் இருந்த பெரிய வால்வை மூடினார். தண்ணீர் நின்றது. கழன்ற தலைக்குள் விரலை விட்டு வாஷரை எடுத்து மேயரம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். ரப்பர் வட்டமாக ஆழமாய் வெட்டுப்பட்டு, பாதி கிழிந்து தொங்கியது. அடுத்த குழாயைக் கழற்றினார். அதுவும் அப்படியே. எல்லாமே அப்படியே.

"யாரும்மா இதுங்க கழுத்தை இப்படி நெரிச்சது? ரப்பர்மா இது. உள்ள போய்த் தொட்டாலே தண்ணி நின்னுடும். அதுக்கு மேல திருகினா வெட்டுப்படும். வெட்டுப்பட்டா சொட்டும். சொட்டுதேன்னு இன்னும் திருகினா சுத்தமா போயிடும்."

மேயரம்மா நிமிர்ந்து பார்த்தார். சுவர் நீளத்துக்குச் சிவப்பு எழுத்து. அவர் எழுதியது, நான் பிழை திருத்தியது. இருநூறு பிள்ளைகள் கீழ்ப்படிந்து, வருஷக்கணக்காகத் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளை ஒன்றிரண்டு இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

"நான்தான்பா திருடி" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த மனிதர் சிரிக்கவில்லை. "வாஷர் கடை இன்னைக்கு லீவு. நான் வெட்டித் தரேன். நல்ல கெட்டியான ரப்பர் வேணும்." சுற்றிப் பார்த்துவிட்டு, மேயரம்மாவின் காலைக் காட்டினார். "அந்தச் செருப்பைக் கழட்டுங்க."

வெள்ளிக்கிழமை அவர் முகத்துக்கு நேரே ஓங்கிய அதே செருப்பு. மேயரம்மா குனிந்து கழற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். "என்னை மன்னிச்சிடு தம்பி" என்றார். யாரிடமும் அவர் சொல்லி நான் கேட்டிராத வார்த்தை அது. சைக்கிள் கடைக்காரர் கூரிய கத்தியால் செருப்பின் குதிகாலிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டினார். சாயங்காலத்துக்குள் எல்லாக் குழாய்க்கும் புது வாஷர். மேயரம்மா வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார்.

வாஷர் மாற்றுவது அரை நாள் வேலை. பிள்ளைகளை மாற்றுவதுதான் வேலை. கிழிக்கிற கையை விட்டுவைத்தால் செருப்பு ரப்பர் எத்தனை நாள் தாங்கும்?

திங்கட்கிழமை காலை எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நின்றபோது மேயரம்மா முன்னால் வந்தார். "நான் சொல்லிக் கொடுத்தது தப்பு. யாரும் இனிமே குழாயை இறுக்கக் கூடாது. மெதுவா மூடுங்க" என்றார்.

மெதுவா என்றால் என்ன? நிதானமாக. என் வகுப்புப் பிள்ளைகள் கடிகார முள் நகர்கிற வேகத்தில் பிடியைத் திருப்ப, தண்ணீர் அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. "ஏன்டா இப்படி?" என்றால், "மேயரம்மாதான் மெதுவா மூடச் சொன்னாங்க!" செவ்வாய்க்கிழமை அதை 'லேசா மூடு' என்று மாற்றினார். லேசாக மூடினார்கள். எல்லாக் குழாயும் லேசாக ஓடியது. எனக்கே நம்பிக்கை விட்டுப்போனது. தமிழில் இதற்கு ஒரு வார்த்தைகூடவா இல்லை என்று இரண்டு பேரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம்.

அன்று மத்தியானம் என் வகுப்பில் நான் பாடம் நடத்திக்கொண்டிருக்க, வாசலில் நின்ற மேயரம்மா வெளியே போன ஒரு பிள்ளையை வழக்கம்போல் அதட்டினார். "ஏய், கதவைச் சாத்திட்டுப் போ! தாழ்ப்பாள் போடாத!" சொன்னவர் அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். "டீச்சர்! சாத்து! பூட்டாத, சாத்து!"

நான் சாக்பீஸைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். சாத்தினால் கதவு மூடும், ஆனால் இறுகாது. எங்கள் மொழியில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தை அது.

புதன்கிழமை காலை அறிவிப்பு. "இனிமே குழாயை யாரும் மூட வேண்டாம். சாத்துங்க!" கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்திலிருந்து 'டமால் டமால்' என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் ஸ்கேலாலும் டிபன் டப்பாவாலும் குழாய்களை அடி பின்னிக்கொண்டிருந்தார்கள். "நீங்கதானே மேயரம்மா நல்லா சாத்தச் சொன்னீங்க?"

"அடப் பாவிகளா, அது அடிக்கிற சாத்து இல்லடா! கதவைச் சாத்தற சாத்து!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடிக்கிற சாத்து கொஞ்சம் அவர்களுக்கே கிடைத்திருக்கும். மேயரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டதால் தப்பித்தார்கள். ஆனால் அந்தக் கூத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை மறக்க ஒருத்தராலும் முடியவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்தினார் மேயரம்மா. அவர்கள் விரலில் இறுக்குகிற பலமே கிடையாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்துத் திருப்புவார்கள், தண்ணீர் நிற்கும், கையை எடுத்துவிடுவார்கள். "பாத்துக்கோங்கடா, இவங்கதான் வாத்தியாருங்க. ரெண்டு விரல். மூணாவது விரல் பட்டா எங்கிட்ட வந்து சொல்லணும்." ஒன்றாம் வகுப்புக்கு அதிகாரம் கிடைத்ததும் ஐந்தாம் வகுப்பு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. எவனாவது இரண்டு கையைப் போட்டால், இடுப்பு உயரம் கூட இல்லாத நாலு பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, "சாத்து! சாத்து!" என்று கத்துவார்கள். அந்த வாரக் கடைசியில் மேயரம்மா சுவரில் தன் பழைய வாக்கியத்தின் மேல் வெள்ளையடித்தார். எழுத்துப் பிழை வரக்கூடாது என்று என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, புதிதாக எழுதினார். 'பூட்டாதே, சாத்து.'

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொட்டியை நிரப்பினார். திங்கட்கிழமை காலையில் நான் வரும்போது அவர் மொட்டை மாடி ஏணியில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னாச்சு?" என்று கீழேயிருந்து கேட்டேன். அவர் விரல் முட்டியால் தட்டினார். 'தொம்.' கொஞ்சம் மேலே தட்டினார். 'தொம்.' மூடிக்குப் பக்கத்தில் தட்டினார். அங்கேயும் 'தொம்'. அந்தத் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் நின்ற நிற்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

மத்தியானம் அதிகாரி வந்தார். சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் குழாயடியில் இருந்த நேரம். கேட்டுக்குள் கால் வைத்த மனிதருக்குப் பின்பக்கத்திலிருந்து ஒரே கூச்சல் கேட்டிருக்கிறது. "சாத்து! சாத்து! ரெண்டு விரலால சாத்துடா!" பிள்ளைகள் யாரையோ போட்டு அடிக்கிறார்கள் என்று அந்தப் பருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தலைமை ஆசிரியர் அவர் பின்னால் ஓட, நான் அவர் பின்னால் ஓடினேன்.

அங்கே ஐந்தாம் வகுப்பிலேயே பெரிய பையன் ஒருவன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நடுவில், பயந்து பயந்து இரண்டு விரலால் குழாயைத் திருப்பிக்கொண்டிருந்தான். தண்ணீர் நின்றது. ஒரு சொட்டுகூட விழவில்லை. அதிகாரி மூச்சு வாங்கியபடி சுவரைப் படித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சரி, இப்பத் தண்ணி வருது. தொட்டில எவ்வளவு இருக்கு?"

"மேல வந்து தட்டிப் பாருங்க சார்" என்றார் மேயரம்மா. அதிகாரி ஏணியைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "அப்ப இங்கயே காட்டறேன்" என்று மேயரம்மா போய் மோட்டாரைப் போட்டார்.

எல்லாரும் மொட்டை மாடி விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த வழிகுழாயைப் பார்த்தபடி நின்றோம். தொட்டி நிறைந்தால்தான் அதில் தண்ணீர் வரும். திங்கட்கிழமை மத்தியானம் அதில் தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தலைமை ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். நானும் அந்த வழிகுழாயை முறைத்துக்கொண்டே நின்றேன்.

ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருக்கவில்லை. முதலில் ஒரு சொட்டு. பிறகு வெயிலில் பளபளத்துக்கொண்டு தண்ணீர் கொட்டியது.

பிள்ளைகள் போட்ட கூச்சல் மெயின் ரோடு வரை கேட்டிருக்கும். ஆனால் அதையும் மீறி ஒரு தொண்டை கேட்டது. "வாளி! வாளி எடுத்துட்டு வாங்கடா! ஒரு சொட்டு கீழ போகக் கூடாது!" மேயரம்மா மோட்டாரை நிறுத்தப் பறந்தார். பிள்ளைகள் வாளி, பக்கெட், டிபன் டப்பா என்று கிடைத்ததை எல்லாம் கொண்டுவந்து பிடித்தார்கள். சுவருக்கு மேல் சைக்கிள் கடைக்காரரின் தலை தெரிந்தது. அவரும் தன் பஞ்சர் வாளியைக் கவிழ்த்துவிட்டு நீட்டினார். "எடுத்துக்க தம்பி, உனக்கு இல்லாததா!" என்று மேயரம்மாவே அதை நிரப்பிக் கொடுத்தார்.

"முழு நாள்தான்" என்றார் அதிகாரி. சட்டை நனைந்திருந்தது. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வகுப்புக்குத் திரும்பினோம். அன்றைக்கு யாரும் பாடத்தைக் கவனிக்கவில்லை, நானும் சரியாக நடத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் குருவி எழுந்து நின்றாள். மத்தியானத்துக்கு மேல் அவள் எழுந்து நிற்பதை அந்தப் பருவத்தில் முதல் முறையாகப் பார்த்தேன்.

"டீச்சர், பாத்ரூம்..."

நான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மேயரம்மா ஈரப் புடவையோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். அதிகாரி வருகிற பரபரப்பில் அவர் கை பழக்கத்தில் பூட்டைப் போட்டுவிட்டது போலும். கதவில் பூட்டுத் தொங்கியது. அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். பூட்டை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதைத் திரும்பக் கதவில் மாட்டவில்லை. சாவியோடு சேர்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டி, "தம்பி, உன் கடைக்கு வச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டார்.

"போ கண்ணு" என்றார் குருவியிடம். "கதவைச் சாத்திக்கோ, போதும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைப்பதற்காக மேயரம்மாவைத் திட்டலாம் என்று பார்த்தேன். திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

குருவி வெளியே வந்து நேராகக் குழாயடிக்குப் போனாள். இரண்டு விரலால் திறந்து கை கழுவினாள். பிறகு குனிந்து, உள்ளங்கையில் ஏந்தி, வயிறு முட்டக் குடித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி குடித்தாள். இரண்டு விரலால் சாத்தினாள். நான் வகுப்பை மறந்து, மேயரம்மா மணியை மறந்து, இரண்டு பேரும் அவள் குடித்து முடிக்கும்வரை நின்றோம்.